ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்களா?

மும்பைக்குப் பிழைக்க வந்த நம் மக்கள் மீது வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், வக்கீலுக்கு முன்னால் வந்து நிற்பது அக்கம்பக்கத்து ஆலோசனைதான். "ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்பார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம். சங்கத்தின் பெயரால் காவல் நிலையத்துக்குப் போய், பையனைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்த பெருமையோடு திரும்பியிருக்கிறோம்.

தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்த இளைஞர், தெருச்சண்டை வழக்கில், தான் செய்யாத அடிதடியைச் செய்ததாக நீதிமன்றத்தில் நம் பேச்சைக் கேட்டு ஒப்புக்கொண்டார். சில நூறு ரூபாய் அபராதம். மாலையே பட்டறைக்குத் திரும்பிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து வளைகுடா வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். அந்தத் தண்டனை தாளில் ஏறி நின்றது, வேலை போயிற்று. குற்றத்தை ஒப்புக்கொள்வது சமரசமல்ல தோழர்களே, தண்டனை! அப்படி ஒப்புக்கொண்டவர் மேல்முறையீட்டுக்குப் போனாலும், விதித்த தண்டனை அதிகமா, சட்டப்படியானதா என்றுதான் வாதாட முடியும். சின்ன அபராதமென்றால் அதற்கும் வழியில்லை. 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் கதவை அந்தப் பையனுக்கு அடைத்தவர்கள் நாம்தாம்.

அடுத்தது, மராத்தியில் எழுதிய காகிதம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அதிகாரிக்குக் கோபம் வரும் என்று நம்மவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. போலீசிடம் ஒப்புக்கொண்டது பொதுவாகச் சாட்சியமும் ஆகாது. ஆனால் அதை வைத்து ஒரு பொருளைக் கைப்பற்றினால் அந்த அளவுக்குச் செல்லும். மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தில் உயர் அதிகாரியிடம் சொன்னதே சாட்சியமாகிவிடும். ஆகவே 'சொன்னால் என்ன, செல்லாதே' என்ற அரைகுறை அறிவும் ஆபத்துத்தான்.

மொழிப் பிரச்சினையில் நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. இதே மும்பையில் எழுந்த ஒரு வழக்கில், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே முடியாவிட்டால், காவலில் வைக்கக் கோரி மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தரவேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குத் தமிழில்தான்! ஆனால் கேட்காதவருக்கு யார் தருவார்கள்?

ஜாமீன் கிடைத்ததும் வழக்கு முடிந்தது என்று எண்ணிக் கோயில் கொடைக்கு ரயிலேறுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வாய்தா தவறினால் பிடிவாரண்டு வரும். ஜாமீனில் வந்தவர் தகுந்த காரணமின்றி ஆஜராகாமல் இருப்பதே தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுத்தவரைச் சமாதானம் செய்துவிட்டோம் என்பதும் போதாது. வழக்கை நடத்துவது அரசு, எல்லா வழக்கையும் அவர் திரும்பப் பெற முடியாது.

வக்கீலுக்குப் பணமில்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிச் சட்டப்படி காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள், வக்கீலே இல்லாமல் நிற்பதை எப்படி ஒப்புக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

இனி காவல் நிலையத்துக்குச் செல்லும் நம் சங்கத்தார் எவரும் 'ஒத்துக்கொள்' என்று சொல்லக்கூடாது என்பது எம் கருத்து. கைதுக்கான காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தீர்களா என்று அதிகாரியை முதலில் கேட்கட்டும். மற்றதை வக்கீல் வந்த பிறகு பேசலாம்.