வெரிகோசீல்: ஊசித் துளை சிகிச்சை யாருக்குத் தேவை?

துணை ராணுவப் படை வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் பல இளைஞர்கள் 'வெரிகோசீல்' என்ற பெயரையே முதன்முறையாகக் கேட்கிறார்கள். இதனால் நிராகரிக்கப்பட்டவர்களின் வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சரி, ஆபீஸ் வேலை பார்க்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

விதைப்பையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் வீங்கிச் சுருண்டுகொள்வதுதான் வெரிகோசீல். ஆண்களில் சுமார் 15% பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் இடது பக்கம். குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வரும் ஆண்களிடம் இது சுமார் 35%.

'எம்போலைசேஷன்' சிகிச்சையில் அறுவை கிடையாது. கழுத்து அல்லது தொடை இடுக்குச் சிரையில் ஊசித் துளை போட்டு, மெல்லிய குழாயை எக்ஸ்ரே உதவியோடு செலுத்தி, பழுதான சிரையை உலோகச் சுருளால் அடைப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை இன்னொரு வழி. அதில் பிரச்னை திரும்ப வருவது குறைவு.

ஸ்கேனில் மட்டும் தெரிகிறது, வலியும் இல்லை என்றால் பொதுவாக எதுவும் செய்ய வேண்டாம். டாக்டர் தொட்டுப் பார்த்தே உணரும் அளவு வீக்கம், விந்துப் பரிசோதனையில் குறை, குழந்தை தள்ளிப்போவது ஆகியவை சேர்ந்திருந்தால் சிகிச்சை பற்றிப் பேசலாம். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும்.

குழந்தை தள்ளிப்போகுதா? மனைவியை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பாதீங்க, நீங்களும் போங்க.