அப்பாவின் துப்பாக்கியும் திரைச்சீலைக் கம்பும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சார் கையில துப்பாக்கியா! அப்போ பிரம்புதானே இருந்துச்சு" என்று எழுதியிருந்த 1994 செட் மாணவனுக்கு முதலில் என் அன்பு. அந்தப் படத்தில் டார்ச் பிடித்திருக்கும் கை என் மனைவியுடையது. "அத்தைக்கு எவ்வளவு பொறுமை" என்று ஏழெட்டுப் பேர் பாராட்டியிருந்தீர்கள். அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து.

அது என் அப்பாவின் மருந்துத் துப்பாக்கி. மலையடிவாரத்தில் கிழங்கும் கடலையும் போட்டவர், பன்றி விரட்டுவதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். குழாயின் வாய் வழியாகக் கருமருந்து, தேங்காய் நார், ஈயக்குண்டு என்று திணிக்க வேண்டும். பின்னால் நிப்பிளில் ஒரு கேப் வைத்து, குதிரை அதன்மேல் அடித்தால் வெடிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு வழி திறந்தவர் ஒரு பாதிரியார் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், 1807இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் குண்டு கிளம்பும் முன்பே பொறி தெரிந்து பறவைகள் பறந்துவிடுமாம். வேட்டைப் பிரியரான அவருக்கு அது எரிச்சல். (வகுப்பு எடுக்கும் புத்தி இன்னும் போகவில்லை.)

அப்பா காலமானதும் துப்பாக்கியை ஒப்படைத்தோம். வாரிசு என்று நான் விண்ணப்பித்து, நடையாய் நடந்து, என் பெயருக்கு லைசென்ஸ் வருவதற்குள் நான் ஓய்வே பெற்றுவிட்டேன். "பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்று கேட்ட உறவினர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குக் கொடுப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். பழசு என்பது மட்டும் போதாது.

ஆட்டோவில் என் மனைவி மடியில் கிடத்தித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூலையில் துருப்பிடித்து நின்றதைத் துடைத்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். நிப்பிள் இறுகிக் கிடந்தது. கொஞ்சம் சூடு காட்டினால் இளகும் என்று குழாயைத் தூக்கிக்கொண்டு கேஸ் அடுப்புப் பக்கம் போனேன். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு பாத்தாச்சா?"

"பதினோரு வருஷமா சும்மா கிடந்தது. என்ன இருக்கப் போகுது?"

"பாத்தாச்சா, பாக்கலியா?"

நாற்பது வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவன் நான். பதில் வரவில்லை. திரைச்சீலை மாட்டும் மரக்கம்பை அவள்தான் எடுத்து வந்தாள். குழாயின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, கம்பை உள்ளே விட்டு, வாய் விளிம்பு வரும் இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டாள். வெளியே எடுத்து, குழாயின் மேலேயே வைத்து இஞ்ச் டேப்பால் அளந்தாள். கம்பு அடிவரை போகவில்லை. நாலு விரல்கடை குறைந்தது.

அப்பா பன்றிக்காகத் திணித்துவைத்த கடைசி மருந்து. நனையாத கருமருந்துக்கு வயதாவதே இல்லை. எத்தனையோ கை மாறிய பொருளை ஒருவரும் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை அப்படியே வைத்துவிட்டு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் எடுத்துப் போட்ட நாரைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அப்பாவின் கட்டைவிரல் பட்ட நார்.

இப்போது சொல்லுங்கள், அவளிடம் நீங்கள் பாராட்ட வேண்டியது பொறுமையையா? கணவனின் பொழுதுபோக்குக்கு டார்ச் பிடித்து, காபி போட்டுக் கொடுத்து, "அவர் இஷ்டம்" என்று இருப்பதைத்தான் நாம் ஒத்துழைப்பு என்கிறோம். அவள் அன்றைக்கு அப்படி ஒத்துழைத்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அடுப்படியில் நின்ற அவளும்தான்.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. நான் உப்புத்தாள் வாங்கி வந்து, கட்டையையும் இரும்பையும் பளபளவென்று ஆக்கப் பார்த்தேன். "கட்டை கறுத்திருக்கிற இடம் மாமா கை பிடிச்ச இடம். அதைத் தேச்சிட்டா அப்புறம் கடையில வாங்குன மாதிரி ஆயிரும்" என்றாள். உப்புத்தாள் திரும்பக் கடைக்குப் போனது. அவளுடைய தையல் மிஷின் எண்ணெயும் பழைய நூல் சேலைத் துணியும்தான் இப்போது எங்கள் கருவிகள். துரு மெதுவாக வருகிறது. ஒரு மாலைக்கு ஒரு சாண். மற்ற பழுதெல்லாம் அந்த மெக்கானிக் கையில்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா காலத்துக் குழாய் கிடந்தால், உள்ளே மருந்து இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களே நோண்டாமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கோயில் கொடைக்கு அதில் ஒரு வெடி போடலாமே என்று மூன்று முறை போன் செய்த தம்பிக்கு: குழாயின் உள்சுவரைத் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெடித்த பிறகுதான் உனக்குத் தெரியும். நான் சொன்னால் கேட்க மாட்டாய். உன் மதினியிடம் போனைக் கொடுக்கிறேன், பேசிக்கொள்.