பின் டயர் குண்டா இருந்தா காருக்கு வீரமா?

எந்த கார் படத்தைக் காட்டினாலும் நம்ம கிளாஸ் மக்கள் முதல்ல பார்க்கிறது பின் டயரைத்தான். "மச்சி, பின்னாடி எவ்ளோ அகலம் பாரு, அதான்டா பெர்ஃபார்மன்ஸ் கார்!" முன் டயர் ஒல்லி, பின் டயர் குண்டு. இதுக்குப் பேர் ஸ்டேகர்டு. நாலு டயரும் ஒரே அகலம்னா, ஏதோ மளிகை வாங்கப் போற வண்டின்னு ஒரு இளக்காரம். அந்த இளக்காரத்தைத்தான் இன்னிக்கு ஒரு கை பார்க்கலாம்னு இருக்கேன்.

எல்லாரும் கும்பிடற சாமியான பிஎம்டபிள்யூ எம்3-யையே எடுத்துக்குவோம். 1986-ல வந்த முதல் எம்3-க்கு நாலு டயரும் 205 மி.மீ. 2000-ல வந்த ஈ46-க்கு முன்னாடி 225, பின்னாடி 255. 2021-ல விற்பனைக்கு வந்த ஜி80-க்கு முன்னாடி 275, பின்னாடி 285. அதாவது வித்தியாசம் பூஜ்யத்துல ஆரம்பிச்சு, 30 ஆகி, அப்புறம் 10-க்கு இறங்கிடுச்சு. குதிரைசக்தி மட்டும் 200, 343, 480-னு ஏறிக்கிட்டே போயிருக்கு. பவர் ஜாஸ்தின்னா பின் டயர்தான் குண்டாகணும்ங்கிறது உங்க வாதம். சரி, 480 குதிரை வந்தப்போ முன் டயர் ஏன் இந்தப் போடு போட்டு வளர்ந்தது?

விஷயம் இதுதான். டயர் மேல பாரம் ஏறினா கிரிப்பும் ஏறும். ஆனா அதே விகிதத்துல ஏறாது. பாரம் ரெட்டிப்பானா கிரிப் ரெட்டிப்பாகாது, கொஞ்சம் கம்மியாத்தான் கிடைக்கும். அதனால பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ரப்பர் போகணும். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிப்பாதியா இருக்கிற வண்டியில முன் டயரை மட்டும் ஒல்லியாக்கினா, வளைவுல முதல்ல கையை விரிக்கிறது முன்பக்கம்தான். நீங்க ஸ்டியரிங்கைத் திருப்புவீங்க, வண்டி அது பாட்டுக்கு வெளிப்பக்கமா போகும். இதான் அண்டர்ஸ்டியர்.

கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. தெரிஞ்சுதான் செய்றான். அண்டர்ஸ்டியர் ஆகும்போது சாதாரண டிரைவர் பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுப்பார், பாரம் முன்னாடி வரும், வண்டி பெரும்பாலும் வழிக்கு வந்துடும். பின்பக்கம் சுத்திக்கிட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. பின்பக்கம் சட்டுனு சுத்திக்கும்னு பேர் வாங்கின ஹோண்டா எஸ்2000-ஐ 2004 மாடல்ல எப்படி சாந்தப்படுத்தினாங்க தெரியுமா? சஸ்பென்ஷனை மாத்தினதோட, பின் டயரை 225-ல இருந்து 245 ஆக்கினாங்க. முன்னாடி கூட்டினது 10 மட்டும். நல்ல முடிவுதான், நான் குறையே சொல்லலை. ஆனா அதைப் பாதுகாப்புன்னு சொல்லி விக்கணும். வீரம்னு சொல்லி வித்தா எப்படி?

"அப்போ போர்ஷே?"ன்னு ஒருத்தன் கிளம்புவான், தெரியும். 911-ல இஞ்சின் பின் அச்சுக்கும் பின்னாடி உட்கார்ந்திருக்கு, எடையில சுமார் 60 சதவீதம் பின்னாடிதான். 2021 ஜிடி3-க்கு முன்னாடி 255, பின்னாடி 315. நூத்துக்கு நூறு நியாயம். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. இஞ்சின் மூக்குல தொங்கற ஆடி ஆர்எஸ்3-க்கு 2021-ல முன்னாடி 265, பின்னாடி 245! முன்னாடிதான் குண்டு. அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கலை, பாவம்.

இன்னும் பவர் பவர்னு சொல்றவங்களுக்கு 2014 செவர்லே கமேரோ இசட்/28. 7 லிட்டர் வி8, 505 குதிரை, பின் சக்கர டிரைவ், பந்தயத் தடத்துக்குன்னே செஞ்சது. டயர்? நாலும் 305.

இப்ப நம்ம டிபார்ட்மெண்ட், வரவு செலவு. நாலும் ஒரே அளவுன்னா முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்தி மாத்திப் போட்டு சமமாத் தேய வைக்கலாம். ஸ்டேகர்டுல அது நடக்காது. (ஜி80-ல ரிம்மே முன்னாடியை விட பின்னாடி ஒரு இன்ச் பெருசு. 10 மி.மீ. வித்தியாசத்துக்கு இந்த அழும்பு.) காசு போறதைக்கூட விடுங்க. வண்டியைத் தள்றது பின் சக்கரம்ங்கறதால அந்த டயர்தான் சீக்கிரம் தேயும். நல்ல டயர் பின்னாடி இருக்கணும்னு டயர் கம்பெனிகளே சொல்றாங்க, ஆனா முன்னாடி இருக்கிற நல்ல டயரைப் பின்னாடி போட முடியாது, அளவு வேற. அகலமான டயர் தண்ணியில சீக்கிரம் மிதக்கும், தேய்ஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம். ஆக, பின்பக்கம் சுத்தாம இருக்கணும்னு செஞ்ச ஏற்பாடே, ஒரு மழை நாள்ல பின்பக்கத்தைச் சுத்த விடற ஏற்பாடா மாறிடுது. ஷோரூம்ல ஒரு பய இதைச் சொல்ல மாட்டான்.

ஈ46 வச்சிருக்கிறவங்க பலர் டிராக்குக்குப் போகும்போது நாலுக்கும் 255 இல்லேன்னா 265 போடறாங்க. பாக்க சுமார்தான், ஆனா வளைவுல மூக்கு சொன்ன பேச்சைக் கேக்கும். அதுக்காக யாரும் இன்னிக்கே ஓடிப் போய் டயர் மாத்திட்டு, மழையில ரோட்டுல பரிசோதனை பண்ணாதீங்க சாமி. வண்டி குணம் மாறியிருக்கும். முதல்ல காலியான டிராக்குல மெதுவா ஓட்டிப் பழகுங்க.