‘அணு’ என்றதும் பயந்தால் போதுமா?

 

2023 ஓகஸ்ட் 23இல் சந்திரயான்-3இன் விக்ரம் நிலவில் இறங்கியதைக் கைபேசியில் பார்த்து மகிழ்ந்தோம். பிறை பார்த்து மாதம் தொடங்கும் நமக்கு அது சும்மா செய்தியா? ஆனால் நிலவில் ஓர் இரவு நமது 14 நாள். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 100 பாகையையும் தாண்டும். சூரிய ஒளியை மட்டும் நம்பிய விக்ரமை செப்டெம்பர் 22இல் எழுப்பிப் பார்த்தார்கள். எழும்பவில்லை.

அதே பயணத்தில், நிலவைச் சுற்றிய உந்துகலத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் செய்த இரண்டு சூடாக்கிகளைப் பரீட்சித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாற்று. கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் தானாகச் சிதையும்போது வரும் சூடு அது. வெயில் தேவையில்லை. சீனாவின் சாங்-4 கலம் 2019 முதல் இப்படிப்பட்ட சூட்டோடுதான் பல நிலவு இரவுகளைக் கடந்தது.

“அணுவா? வேண்டாம்!” என்று சிலர் சொல்வார்கள். செல்லும் குண்டும் கண்ட மண் இது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. பொலோனியம்-210 நல்ல சூடு தரும், 138 நாளில் பாதியாகிவிடும். ஸ்ட்ரோன்சியம்-90க்குக் கனத்த கவசம் வேண்டும். புளூட்டோனியம்-238இன் அரைவாழ்வு சுமார் 88 ஆண்டு. அதன் அல்பாக் கதிரை ஒரு கடதாசியே தடுக்கும். குண்டுக்கு உரியது 239, இதுவல்ல. 1977இல் போன வொயேஜர் கலங்கள் 40 ஆண்டுக்கு மேல் இயங்கியது இதனால்தான்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. தூசாகி மூச்சோடு உள்ளே போனால் கேடு. 1964இல் அமெரிக்கச் செய்மதி ஒன்று விழுந்து எரிந்தபோது ஏறத்தாழ ஒரு கிலோ புளூட்டோனியம் வளியில் கலந்தது. அதன் பிறகுதான் விழுந்தாலும் சிதறாத உறைகளைச் செய்தார்கள். 1970இல் அப்பலோ-13இன் புளூட்டோனியம் பசிபிக் கடலில் விழுந்தது; கசிவு தென்படவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது பயத்தையும் அல்ல, பிரமிப்பையும் அல்ல, நான்கு கேள்விகளை. எந்தப் பொருள்? எவ்வளவு? எந்த உறைக்குள்? எதற்காக?

இது நிலவோடு முடியும் விசயமில்லை. “கதிர் பிடித்தால் ஆள் முடிந்தது” என்று புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். வைத்தியரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். கேட்காமல் மறுத்துவிடாதீர்கள்.