வரலாற்று வகுப்புக்கு விதி வேண்டும்

ஜூன் பிறந்தால் நம் வீடுகளில் வட்டிக்கடைக்கு நடை கூடிவிடுகிறது. பையனுக்குச் சீருடை, பெண்ணுக்குப் புத்தகப் பை, வேன் வாடகை, டியூஷன் பணம் என்று அல்சூரிலிருந்து ஸ்ரீராமபுரம் வரை தொழிலாளி வீடுகளில் இதே கணக்குத்தான். இவ்வளவும் செய்கிற பெற்றோர் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டு. கணக்கில் எத்தனை மார்க்? இங்கிலீஷில் எத்தனை மார்க்? வரலாற்று வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கிற தகப்பனைக் காண்பது அரிது. அந்தக் கேள்வியைக் கேட்காததால் நம் சமுதாயத்துக்கு நேர்கிற நஷ்டம் என்ன என்பதைச் சொல்லவே இம்மாதத் தலையங்கம்.

கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மொத்த மார்க் 625. அதில் சமூக அறிவியலுக்கு 100. இந்த நூறில் 80 தேர்வுத் தாளுக்கு. 20 பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியர் போடுகிற இன்டர்னல் மார்க். ஒரே பாடத்துக்குள் வரலாறு, அரசியல், சமூகவியல், புவியியல், பொருளியல், வணிகம் என்று ஆறு பிரிவுகள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வில் உட்கார முடியாது. இவையெல்லாம் எழுத்தில் உள்ள விதிகள். ஆனால் அந்த 20 மார்க்கை எந்த வேலைக்கு எவ்வளவு என்று போடுகிறார்கள்? ஒப்படைக்க ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும்? காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை யார் சொல்லித் தருவார்? இதற்கெல்லாம் பெரும்பாலான பள்ளிகளில் எழுத்து கிடையாது. ஆசிரியரின் அன்றைய மனநிலைதான் விதி.

ரயில்வேயில் ஒரு ஸ்டேஷனில் பணி ஏற்கும் ஊழியர், அந்த ஸ்டேஷனுக்குரிய நடைமுறை விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொறுப்பில் அமர முடியும். விதி இரு பக்கமும் தெரிந்திருந்தால்தான் தவறு எவருடையது என்று நாளை கேட்க முடியும். வண்டி ஓடுவதற்கு இருக்கிற இந்த ஒழுங்கு, வளர்கிற பிள்ளையின் அறிவுக்கு வேண்டாமா?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் வரலாற்று ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாள் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆண்டு முழுதும் என்னென்ன பாடம், மார்க் எப்படிப் பிரியும், தாமதமானால் எவ்வளவு குறையும், காப்பியடித்தால் என்ன தண்டனை என்று அதில் இருக்கும். பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டும். அங்கே கல்லூரித் தரத்தில் நடத்தும் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி உண்டு. கடிதம், சட்டம், பத்திரிகைச் செய்தி, கார்ட்டூன் என்று ஏழு ஆவணங்களை மாணவனிடம் கொடுத்து, இவற்றை வைத்து உன் வாதத்தை எழுது என்கிறார்கள். 1973-ல் தொடங்கிய முறை இது. தேதியை ஒப்பிப்பதற்கு அங்கே மார்க் இல்லை. ஆதாரத்தை எடைபோடுவதற்குத்தான் மார்க்.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை, நண்பர்களே. 2015-ல் டெக்சஸ் மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் புவியியல் புத்தகத்தில் ஒரு வரியைக் கண்டான். ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான 'தொழிலாளர்கள்' தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்று அச்சாகியிருந்தது. சங்கிலியில் கட்டி இழுத்துவரப்பட்ட அடிமைகளுக்குச் சூட்டிய பெயர் தொழிலாளர்! அந்தக் கறுப்பினப் பையன் பக்கத்தைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினான். தாய் அதை ஊரறியச் செய்தார். மெக்ரா-ஹில் என்ற பெரிய பதிப்பகம் தவறை ஒப்புக்கொண்டு திருத்துவதாக அறிவித்தது. அதே நாட்டில் 2023 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலக் கல்வித் துறை, கறுப்பின மக்களின் வரலாறு பற்றிய புதிய பாடத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அங்கேயும் வரலாற்றுக்குச் சண்டை நடக்கிறது. ஆனால் புத்தகத்தைத் திறந்து படித்த ஒரு பிள்ளையும், அதைக் காதில் வாங்கிய ஒரு தாயும் இருந்ததால் ஒரு வரி மாறியது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி ஓட்டிச் சென்ற கூட்டத்தின் வாரிசுகள் நாம். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு சமுதாயத்தின் கண்ணீர் மறைந்துபோகும் என்பது நமக்குத் தெரியாததா?

இங்கே நடந்ததைப் பாருங்கள். 2022-ல் ரோஹித் சக்ரதீர்த்த தலைமையிலான குழு கர்நாடகப் பாடநூல்களைத் திருத்தியது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில், சமூக, சமயச் சீர்திருத்த இயக்கங்கள் பற்றிய பாடத்தில் இருந்த நாராயண குருவும் தந்தை பெரியாரும் காணாமல் போனார்கள். பத்தாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தில் ஹெட்கேவாரின் உரை ஏறியது. கன்னட எழுத்தாளர் தேவனூர மகாதேவா, தம் பாடத்தை இப்புத்தகத்தில் வைக்க அனுமதியில்லை என்று எழுதிக் கொடுத்தார். வேறு பல கன்னட எழுத்தாளர்களும் கொதித்தெழுந்தார்கள். 2023 ஜூனில் புதிய அமைச்சரவை கூடி ஹெட்கேவார், சாவர்க்கர் பாடங்களை நீக்க முடிவெடுத்தது. ஆட்சிக்கு ஒரு புத்தகம் என்றாகிவிட்டது. பெரியாரின் பெயர் போனதை முதலில் உரக்கச் சொன்ன குரல்களில் கன்னடக் குரல்கள் முன்னே நின்றன என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். அதே தேவனூர மகாதேவாவுக்குத் தமிழ்நாடு அரசு 2024-ல் வைக்கம் விருது வழங்கியது பொருத்தமே. ஆனால், அந்தப் புத்தகம் நம் பிள்ளைகளின் பையிலும் இருந்ததே! நம் தெருக்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

இனி, காப்பியடிக்கும் கதை. 2023-ல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 83.89 சதவீதம். 2024-ல் தேர்வுக் கூடங்களைக் கேமரா மூலம் கண்காணித்தார்கள்; கருணை மார்க்கை 20 சதவீதமாக உயர்த்திக் கொடுத்தும் தேர்ச்சி 73.40-க்கு இறங்கியது. கேமரா வந்ததும் வேடம் கலைந்தது. வரலாற்று ப்ராஜெக்ட் என்றால் ஜெராக்ஸ் கடையில் தலைவர்களின் படம் வாங்கி ஒட்டுவது என்றிருந்தது. இப்போது கைபேசியைக் கேட்டால் நொடியில் நாலு பக்கம் கொட்டுகிறது. ஒட்டினவனுக்கும் 20, உழைத்தவனுக்கும் 20 என்றால் உழைப்பவன் எதற்கு உழைப்பான்?

ஆகவே நம் சங்கம் பள்ளிகளின் முன் வைக்கும் கோரிக்கைகள் இவை. முதலாவது, ஆண்டின் முதல் வாரத்திலேயே வரலாற்று வகுப்பின் விதிகளை ஒரே தாளில், கன்னடத்திலும் பிள்ளையின் வீட்டு மொழியிலும் கொடுக்கவேண்டும். 20 மார்க்கின் பிரிவினை அதில் இருக்கவேண்டும். இரண்டாவது, விடியற்காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிற பிள்ளையை வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று வெளியில் நிறுத்தக்கூடாது. தாமதத்துக்கு மார்க் குறைக்கட்டும். மானத்தைக் குறைக்க வேண்டாம். மூன்றாவது, ப்ராஜெக்ட் பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில், பிள்ளை தானே விசாரித்து எழுதியதாக இருக்கவேண்டும்; எழுதியதைப் பற்றி ஆசிரியர் நாலு கேள்வி கேட்கவேண்டும்.

எதைப் பற்றி எழுதுவது? நம் தெருவே பாடம்தான். 1809-ல் கண்டோன்மென்ட் உருவானபோது பட்டாளத்தோடு வந்த தமிழர் யார்? 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தபின் எந்தெந்த ஊர்க்காரர் வந்திறங்கினார்கள்? 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தில் பாட்டன் என்ன வேலை செய்தார்? 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் யார் வேலை இழந்தார்கள்? கேட்டுச் சொல்ல முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நாளைக்கு இருக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூசுகிற விஷயம். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. டிசம்பரில் இந்த நகரில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. 2016 செப்டம்பர் 12-ல் மீண்டும் பஸ்கள் எரிந்தன. நம் வீட்டுப் பிள்ளை ஒரு கதை கேட்டு வளர்கிறான்; அடுத்த வீட்டுக் கன்னடப் பிள்ளை வேறொரு கதை கேட்டு வளர்கிறான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இரு மொழிப் பத்திரிகைகளையும், நடுவர் மன்ற உத்தரவையும், 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ல் அல்சூரில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் கதையையும், நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்ட சர்வக்ஞர் சிலையின் கதையையும் அந்தப் பெஞ்சில் வைத்துப் பேசினால் என்ன? அதற்குத்தான் கடுமையான விதி தேவை. ஆதாரமின்றிப் பேசாதே, வசைச்சொல் வாயில் வராதே, அடுத்தவன் முடிக்கும்வரை காத்திரு. இந்த மூன்றும் வகுப்பில் பழகியவன் நாளைத் தெருவில் கல்லெடுக்கமாட்டான்.

பெற்றோருக்கும் விதி உண்டு. ஊர்த் திருவிழா என்று பத்து நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போனால் விட்டுப்போன பாடத்தை எழுதவைப்பது உங்கள் பொறுப்பு. வாரம் ஒரு நாள் பாடப்புத்தகத்தைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். கித்தூர் சென்னம்மாவையும் பசவண்ணரையும் நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்; இந்த மண்ணின் வரலாறு அவர்களுடையதும்தான். கர்நாடகப் பாடநூல்கள் தமிழ் வழியிலும் அச்சாகின்றன. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல்களைத் தமிழிலும் கன்னடத்திலும் வாங்கி ஒவ்வொரு கிளைச் சங்கப் படிப்பகத்திலும் இம்மாதமே வைக்கவேண்டும். அடுத்த முறை ஒரு பெயர் காணாமல் போனால், அதைக் கண்டுபிடிப்பவன் நம் வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனாக இருக்கட்டும்.