கடன்தான் வாங்கினோம், மானத்தை அடமானம் வைக்கவில்லை!



டிராக்டருக்கு இரண்டு தவணை பாக்கி. விடிவதற்குள் வாசலில் நாலு பேர். தெருவே கேட்கும்படி ஒருமையில் பேச்சு. நம்ம ஆள் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்காரம்மா கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொல்கிறார். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. கோர்ட்டுக்குப் போகலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. "கடன் வாங்கினவன் நாம, நாம எப்படி கேஸ் போடறது?" என்கிறார்கள்.

போடலாம் என்கிறோம் நாங்கள். பாக்கி வேறு, அதை வசூல் பண்ணுகிற விதம் வேறு. லாரிக் கடன் சம்பந்தமான ஐசிஐசிஐ வங்கி வழக்கில் 2007லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது, சட்டப்படிதான் வசூலிக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் போடக்கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஏஜெண்ட் செய்ததற்கு வங்கியே பொறுப்பு. மேனேஜர் கையை விரிக்க முடியாது.

ஜப்தி என்றாலே நமக்கு நடுக்கம். ஆனால் பணக் கடனுக்கு டிகிரி வாங்கி வந்தாலும், விவசாயியின் பிழைப்புக்கு வேண்டிய ஏர், கலப்பை, உழவு மாடு, விதை நெல், அவன் குடியிருக்கும் வீடு இவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவு சொல்கிறது. (அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. கையெழுத்துப் போடுமுன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.) கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிவிட்ட 2002 சர்ஃபேசி சட்டமும் விவசாய நிலத்தை விட்டுவைத்திருக்கிறது. இதையெல்லாம் எந்த வங்கிக்காரராவது நம்மிடம் சொன்னாரா?

போலீசுக்கும் இதில் வேலை இல்லை. 2016ல் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீசே அடித்ததை நாடே டி.வி.யில் பார்த்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012ல் விதை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். கேஸ் போட்டால் கடன் தள்ளுபடி ஆகாது. வாய்தாவுக்கு மேல் வாய்தாவும் வரும். மிரட்டி வசூல் செய்தால் 3 வருஷம் வரை ஜெயில் என்று 2025ல் தமிழக அரசும் ஒரு சட்டம் கொண்டு வந்தது. வந்தது சரி, ஸ்டேஷனில் புகாரை வாங்க வேண்டுமே! நாம் கும்பலாகப் போனால்தான் வாங்குவார்கள்.

வருகிறவனிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த கடிதமும் கேளுங்கள். தேதி, நேரம் குறித்து வையுங்கள். செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வருகிற நோட்டீசைக் கிழித்துப் போடாமல் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள், மனு எழுத நாங்கள் உட்காருகிறோம்.