பன்னிரண்டு மடங்குக் கணக்கும் பழங்காநத்தத்துக் காரும்

2021 மார்ச் 18 அன்று மக்களவையில் பழைய வாகனங்களைக் கழித்துக்கட்டும் கொள்கையை அறிவித்தார் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. பழைய வண்டிகள், தகுதியான வண்டிகளைவிட 10 முதல் 12 மடங்கு மாசு கக்குகின்றன என்பது அன்று அவர் சொன்ன காரணம். அந்த ஒற்றை வாக்கியம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மதுரை பைபாஸ் ரோட்டு ஷோரூமில் சேல்ஸ் தம்பி அதைச் சொல்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரான பெங்களூரு மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார்: “பதினஞ்சு வருசம் ஆச்சுல்ல மாமா, இன்னும் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறீங்க? பேசாம புதுசு எடுங்க.”

மாமா பழங்காநத்தத்துக்காரர். மரியாதைக்காகச் சிரித்து வைப்பார். நான் அப்படிச் சிரிக்கப் போவதில்லை.

அமைச்சரின் வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். தராசின் ஒரு தட்டில் பழைய வண்டி, மறு தட்டில் தகுதியான வண்டி. பழையதோடு ஒப்பிட வேண்டியது புதியதை அல்லவா? தகுதியானதோடு ஒப்பிட வேண்டியது தகுதியற்றதை அல்லவா? பழசாகவும் தகுதியாகவும் ஒரு வண்டி இருக்கவே முடியாது என்று தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, விசாரணையைப் பிறகு நடத்துகிறார்கள்.

போகட்டும், அந்த 12 மடங்கை அப்படியே ஒப்புக்கொள்வோம். புகை மாசை கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் அளக்கிறார்கள். மாமாவின் கார் எங்கே போகிறது? அழகர்கோயில், ஆஸ்பத்திரி, சிவராத்திரிக்குக் குலதெய்வம், எப்போதாவது திண்டுக்கல்லில் மகள் வீடு. வருடம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். 12 மடங்கு என்றாலும் அது கக்கும் புகை, 36,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு புதுக் கால் டாக்சியின் புகைக்குத்தான் சமம். அந்த டாக்சியை யாராவது காயலான் கடைக்கு அனுப்பச் சொல்கிறார்களா?

இன்னொன்றையும் மறைக்கிறார்கள். 2010-இல் மதுரையில் பதிவான பெட்ரோல் கார் கார்புரேட்டர் காலத்து ஆள் அல்ல. அதில் எம்.பி.எஃப்.ஐ. இஞ்சின் இருக்கிறது, சைலன்சர் பாதையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 கார் அதைவிடச் சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய கார் எப்போது கரும்புகை விடத் தொடங்குகிறது? பிளக் மாற்றாமல், ஏர் ஃபில்டர் மாற்றாமல், மிஸ்ஃபயர் அடிப்பதைக் காதில் வாங்காமல் ஓட்டும்போது. அந்த நிலையில் எரியாத பெட்ரோல் போய்க் கன்வெர்ட்டரையும் கெடுக்கிறது. பெரும்பாலும் பழுது பார்க்காத வண்டிதான் புகைகிறது. ஆகவே ‘பழசுக்கு வேலை பார்க்காதே’ என்று சொல்கிறவர், தன்னை அறியாமல் புகைக்குத்தான் வக்காலத்து வாங்குகிறார்.

கரியமில வாயுக் கணக்கு இதைவிட வேடிக்கை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் பழைய கார் 3,000 கி.மீ. ஓட 200 லிட்டர் குடிக்கும், 460 கிலோ விடும். 20 கி.மீ. கொடுக்கும் புதுசு 345 கிலோ விடும். வருடத்துக்கு மிச்சம் 115 கிலோ. ஆனால் அந்தப் புதுக் காருக்கு இரும்பு உருக்கி, அலுமினியம் வார்த்து, பெயிண்ட் அடித்து வெளியே அனுப்பும்போதே பல டன் கரியமில வாயு போயிருக்கும். அதை 5 டன் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும், ஈடுகட்ட மாமாவுக்கு 43 வருடம் ஆகும். அவருக்கு இப்போதே அறுபது தாண்டிவிட்டது.

சுற்றுச்சூழலில் தோற்றால் அடுத்து பாக்கெட்டுக்கு வருவார்கள். “அறுபதாயிரம் ரூபாய்கூடப் போகாத வண்டிக்கு முப்பத்தஞ்சாயிரம் ரூபாய் வேலையா? கிறுக்கா உங்களுக்கு?” கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். உள்ளே ஒன்றும் இல்லை. அறுபதாயிரம் என்பது அடுத்தவன் அந்தக் காருக்குக் கொடுக்கிற விலை. மாமா காரை விற்க வந்தவர் அல்லர், ஓட்டுகிறவர். அவர் போட வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: இன்னும் ஒரு வருடம் இதை ஓட்ட என்ன ஆகும், இதற்குப் பதில் வருவதை ஒரு வருடம் ஓட்ட என்ன ஆகும்?

புதுக் காரை 6 லட்சம் ஷோரூம் விலைக்கே பிடிப்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம், அதாவது 78,000 ரூபாய். மாமா வேலை பார்க்கச் செலவழிக்கும் முப்பத்தைந்தாயிரத்தில் இரண்டு மடங்கு, சாவி கைக்கு வருமுன்பே வரியாகப் போய்விடுகிறது. 5 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 10,500. வருடத்துக்கு 1,26,000. புதுக் காருக்கான இன்சூரன்ஸ் தனி. இதற்கு எதிரே கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர், ஏ.சி. கம்ப்ரசர் என்று எல்லாம் ஒரே வருடத்தில் சதி செய்து படுத்தாலும் அந்தத் தொகையைத் தொடுவது கஷ்டம். அப்படியே தொட்டாலும் அடுத்த வருடம் அதே கிளட்ச் மறுபடி போகாது. தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். வாங்கியே ஆக வேண்டியவருக்கு அது லாபம். வாங்கத் தேவையில்லாதவருக்கு அதில் என்ன இருக்கிறது?

பழசைக் கொடுத்தால் சலுகை உண்டே என்பார்கள். கொள்கையில் சொன்னபடி கழிவு மதிப்பு, புதுக் கார் விலையில் 4 முதல் 6 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 24,000 முதல் 36,000. கம்பெனிகள் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம், மாநிலங்கள் சாலை வரியில் 25 சதவீதம்வரை குறைக்கலாம் என்பவை எல்லாம் ‘லாம்’கள். ஓடுகிற காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடு என்பதைத்தான் கோட்டு சூட்டு மாட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி சட்டம். ‘பதினைந்து வருடம் முடிந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்’ என்று மதுரையில் பாதிப் பேர் நம்புகிறார்கள். டெல்லிக் கதையைக் கேட்டு வந்த பயம் இது. அங்கே 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்று வயதை வைத்தே தடை போட்டார்கள். 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெய் கிடையாது என்றார்கள், சில நாளிலேயே பின்வாங்கினார்கள். நம் ஊர்ச் சங்கதி வேறு. டி.என். 58 ஆகட்டும், 59 ஆகட்டும், 64 ஆகட்டும், சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். கட்கரியின் கொள்கையே 20 வருடம் தாண்டிய கார் சோதனையில் தேறாவிட்டால், அல்லது ஆர்.சி. புதுப்பிக்காவிட்டால்தான் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது. ஆக, வயதை அல்ல, தகுதியைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தெரிந்துகொண்டே செய்ததுதான் எரிச்சல். 2022 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். சோதனையில் தேறாத காருக்கு ஆர்.சி.யே கிடையாது. அப்படியென்றால் இந்தப் பத்தாயிரத்தைக் கட்டுவது யார்? தேறிய கார். தேறியதற்குத் தண்டம்!

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் பேசியதையும் இங்கே வைக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய கார்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்று ஒப்புக்கொண்ட அமைச்சகம், அது செலவு குறைந்த, வழக்கமான சர்வீசிலேயே முடிகிற வேலை என்று சமாதானம் சொன்னது. ஒரு அமைச்சகத்துக்குப் பழைய காரைப் பழுது பார்ப்பது சுலபம், மலிவு. இன்னொன்றுக்கு அது தேசத் துரோகம். இரண்டும் ஒரே டெல்லியில்தான் இருக்கின்றன, ஒருநாள் சேர்ந்து டீ குடிக்கலாம்.

இந்தப் பாடத்தை மதுரைக்காரனுக்கு எடுக்கிறார்களே என்பது தனி வேதனை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொழில் தொடங்கிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வந்தபோது, பஸ்களைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், கரியில் ஓட வைக்கும் கேஸ் பிளாண்ட் செய்து மாட்டியது டி.வி.எஸ். இன்றைக்கும் ஃபேன் பெல்ட் இதே ஊர்க் கோச்சடையில் தயாராகிறது. கடற்காற்று அடிக்கும் ராமேஸ்வரத்தில் காரின் கதவடியும் ஃப்ளோரும் துருப்பிடித்து உதிர்வதுபோல் இங்கே சீக்கிரம் உதிராது. நம் ஊர்க் காருக்கு வெயில்தான் எமன்: ஹோஸ், பெல்ட், பேட்டரி, டயர். நான்கும் கடையில் வாங்கி மாற்றுகிற சாமான். (நிறுத்தியே வைத்தால் எலி வயரைக் கடிக்கும், அதற்குக் கொள்கை எதுவும் வரவில்லை.)

எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால், அதற்கும் காலண்டர் வேண்டாம். சேசிஸில் துரு ஏறிவிட்டதா? மாற்றுங்கள், அதில் பேச்சே இல்லை. எவ்வளவு வேலை பார்த்தும் கரும்புகை அடங்காத பழைய டீசலா? அனுப்பிவிடுங்கள். பாகம் கிடைக்கிறதா என்பது வயதைவிடப் பெரிய கேள்வி: 2014-இல் தயாரிப்பு நின்ற மாருதி 800-ஐ எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்திய செவர்லே காரை, அது வயதில் இளசாகவே இருந்தாலும், பாகம் கேட்டு அலைய மனமிருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பிடம் உருப்படியான வாதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது பாதுகாப்பு. புதுக் கார்களில் 2019-இல் ஏ.பி.எஸ். கட்டாயமானது, 2021-இல் முன்பக்கம் இரண்டு ஏர்பேக். வாராவாரம் கப்பலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் நூறில் போகிற குடும்பம் என்றால், பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தால், கடன் பட்டாவது மாற்றுங்கள் என்று நானே சொல்வேன். ஆனால் ஷோரூமில் இதை முதலில் சொல்லி நான் கேட்டதில்லை. சன்ரூஃப், டச் ஸ்கிரீன், அப்புறம் அந்த 12 மடங்கு. ஏர்பேக் கடைசியில் வரும்.

அமைச்சர் ஒரு விஷயத்தில் மறைக்கவில்லை. இந்தக் கொள்கையால் நாலரை லட்சம் கோடியாக இருக்கும் வாகனத் தொழிலின் வரவு செலவு 10 லட்சம் கோடியாக உயரும் என்று அப்போதே அவர் பேசினார். தொழில் வளரட்டும், யாருக்கும் பொறாமை இல்லை. ஆனால் அந்த ஐந்தரை லட்சம் கோடியில் தன் பங்காக மாமா ஐந்து வருடம் தவணை கட்ட வேண்டும் என்றால், அதை நேராகக் கேளுங்கள். புகையைக் காரணம் காட்டாதீர்கள். புகைதான் கவலை என்றால் பெட்ரோல் பங்குகளில் புகைச் சோதனை மெஷின் நிற்கிறது. சைலன்சருக்குள் குழாயை விடாமலே சான்று கிடைக்கும் இடங்கள் ஊருக்கே தெரியும். முதலில் அங்கே ஆள் அனுப்புங்கள்.